பிடியரிசியும் தீர்மான நோட்டும்

(விருதுநகரில் ஆசிரியர்கள், பெற்றோர், மகளிர் குழுவினர் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வியில் குடும்பத்தின் பங்கு என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்பது உங்களுக்கு மனப்பாடம். பிள்ளையோடு தினமும் பத்து நிமிடம் உட்காருங்கள், டிவியை அணையுங்கள், வீட்டுப்பாட நோட்டைப் புரட்டிப் பாருங்கள். நல்ல அறிவுரைதான், மறுக்கவில்லை. ஆனால் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து பொழுது சாய்ந்து வீடு திரும்பி, உலை வைத்துவிட்டுக் குழாயடியில் குடத்தோடு நிற்கிற ஒரு தாயிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் தனித்தனி வீடுகளைப் பற்றி இன்று பேசப்போவதில்லை. வீடுகள் சேர்ந்து ஓர் அமைப்பாகிற இடத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். உறவின்முறை, மகளிர் குழு, பள்ளி மேலாண்மைக் குழு என்று பெயர்கள் பல. அந்த அமைப்பு பள்ளிக்கூடத்துக்குள் எதுவரை போக முடிகிறது என்பதுதான் என் கேள்வி.

இந்த ஊரில் நின்று பேசுவதில் ஒரு வசதி இருக்கிறது. சத்திரிய வித்யாசாலா பள்ளி எப்படி நடந்தது என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உறவின்முறை வணிகர்களிடம் மகமை வசூலித்தது. வியாபாரத்தில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று பொதுக் காரியத்துக்காக எடுத்துவைக்கிற பணம். அதோடு பிடியரிசி. சோறாக்க அரிசி அளக்கும்போது அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். வீடு வீடாகச் சேர்ந்த அந்த அரிசி பள்ளிக்குப் போகும். அப்படி நடந்த பள்ளியில் படித்த சிறுவர்களில் ஒருவர் காமராஜர். தகப்பனாரைச் சிறு வயதிலேயே இழந்து, பன்னிரண்டு வயதை ஒட்டிப் படிப்பை விட்டவர்.

குடும்பம் கல்வியில் பங்கெடுத்ததற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது. அடுப்பு பற்றும் ஒவ்வொரு வேளையும் பள்ளிக்கூடம் ஒன்று நினைவுக்கு வந்தாக வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அரிசியை எடுத்துப் போட்டது பெண்ணின் கை. உறவின்முறைக் கூட்டத்தில் உட்கார்ந்தது ஆண்கள். எந்த வாத்தியாரை வைப்பது, எந்த வகுப்பைத் தொடங்குவது, வந்த காசை எதற்குச் செலவிடுவது எல்லாம் அங்கே பேசி முடிவாயிற்று. கலயம் அவளுடையது, கணக்கு அவளுடையதில்லை.

நான் சொல்ல வந்ததும் ஏறத்தாழ இவ்வளவுதான். நூறு ஆண்டுக்கு மேலாகக் குடும்பத்தைப் பள்ளியின் அடுப்படி வரை அழைத்துக்கொண்டிருக்கிறோம். தீர்மான நோட்டு இருக்கிற மேசைக்கு அழைக்கத் தயங்குகிறோம். குடும்பங்கள் மேசைவரை வந்த ஒருசில இடங்களைப் பார்த்தால், அவர்களைக் கூட்டி வந்தது பெரும்பாலும் பள்ளிக்கூடமாக இருக்காது. அவர்களுக்கென்று வெளியே ஏற்கெனவே ஒரு கூட்டம் இருந்திருக்கும்.

காமராஜர் 1954-இல் முதலமைச்சரானார். நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக வந்தார். மதிய உணவுத் திட்டத்தை 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கியபோது அரசின் கஜானாவை நம்பித் தொடங்கவில்லை. ஊர் போட்ட சோறு அது. பிறகு அரசு மானியம் வந்தது. அப்போதும் ஒரு சாப்பாட்டுச் செலவில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை அரசு ஏற்க, மீதியை ஊர் ஏற்றது. பிடியரிசியின் கை இதில் தெரிகிறது என்று நான் நினைக்கிறேன். தான் படித்த பள்ளி நடந்த விதம் ஒரு மனிதருக்கு மறந்துபோகுமா?

அடுத்து வந்தவை பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். முதல் மாநாடு 1958-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் கூடியது. வட்டாரத்துப் பள்ளிகளுக்கு என்னென்ன தேவை என்று முன்கூட்டியே பட்டியல் போட்டுவிடுவார்கள். கரும்பலகை, நாற்காலி, கடிகாரம், சுற்றுச்சுவர், கூடுதலாக ஒரு வகுப்பறை, பிள்ளைகளுக்குச் சீருடை. மாநாட்டன்று ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து இது என்னுடையது, அது என்னுடையது என்று ஏற்றுக்கொள்வார்கள். சுந்தரவடிவேலு இதை மாநிலம் முழுக்க ஓர் இயக்கமாகவே நடத்தினார். இன்றும் பழைய தொடக்கப்பள்ளிச் சுவர்களில் நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்லைப் பார்க்கலாம்.

அந்த இயக்கத்தைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. பல கிராமங்களுக்கு அது கூரையைக் கொடுத்தது. ஆனாலும் அதன் கணக்கு எப்படி ஓடியது என்று பாருங்கள். துறையும் ஆசிரியர்களும் பட்டியல் போட்டார்கள், ஊர் கொடுத்தது. கொடுக்கிறவருக்குப் பெயர், கேட்கிறவருக்கு இடமில்லை. நிலமும் நெல்லும் உள்ள ஊரில் நல்ல பள்ளி எழும். கூலிக்காரர் குடியிருப்பில் என்ன எழும்? 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்து செலவை அரசே ஏற்றது சரியான காரியம். பிள்ளைக்குச் சோறு போட ஊரிடம் கையேந்தக் கூடாது. ஆனால் ஊரின் கை விலகியதோடு ஊரின் கண்ணும் விலகியது. பள்ளிக்கூடம் சர்க்காருடையது என்கிற பேச்சு நம் வாயில் நிலைத்தது.

அதன் பிறகு பெற்றோருக்குப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது எப்போது? “நாளைக்கு வரும்போது அப்பாவைக் கூட்டிட்டு வா.” இதைக் கேட்காமல் வளர்ந்தவர் இந்த அரங்கில் எத்தனை பேர்? (சிரிப்பு.) நம் பள்ளிகளில் பெற்றோரை அழைப்பதே ஒரு தண்டனை. பையன் ஜன்னலை உடைத்தால் அழைப்பு, பரீட்சையில் கோட்டை விட்டால் அழைப்பு. கூலியை விட்டுவிட்டு வருகிற தகப்பன் தலையைக் குனிந்து நின்று, வீட்டுக்குப் போய்ப் பையனை அடிப்பார். ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் வகுப்பறையில் காலம் கழித்தவன்தான். “இந்தப் பெற்றோருக்கு அக்கறையே இல்லை” என்று நாம் ஓய்வறையில் பேசுகிறோமே, அக்கறையுள்ளவர் வந்து நிற்க நாம் வைத்திருந்த இடம் குற்றவாளிக் கூண்டு.

அக்கறையில்லை என்கிற பேச்சை உடைத்துக் காட்டியவர்களில் சாந்தா சின்ஹா முக்கியமானவர். அன்றைய ஆந்திரத்தின் ரங்காரெட்டி மாவட்டத்தில் அவருடைய எம்.வி. ஃபவுண்டேஷன் வேலைக்குப் போகும் குழந்தைகளைப் பள்ளிக்குக் கொண்டுவரும் பணியில் இறங்கியது. ஏழைக் குடும்பம் பிள்ளையின் சம்பாத்தியத்தை நம்பியிருக்கிறது, அதனால் அனுப்பாது என்பதுதான் அன்று படித்தவர்கள் சொன்ன சமாதானம். பள்ளி சேர்த்துக்கொள்ளத் தயார், இடையில் விட்டதை ஈடுகட்ட முகாம் உண்டு, ஊரில் நாலு பேர் துணை நிற்கிறார்கள் என்று தெரிந்ததும் அந்தக் குடும்பங்கள் வருமானத்தை விட்டுக்கொடுத்துப் பிள்ளைகளை அனுப்பின. கிராமத்து இளைஞர்களும் பெற்றோரும் சேர்ந்த மன்றங்கள் எந்தப் பிள்ளை வரவில்லை என்று பெயர் பெயராகத் தேடின. சின்ஹாவுக்கு 2003-இல் மகசேசே விருது கிடைத்தது. சிவகாசியும் சாத்தூரும் பக்கத்தில் இருக்கிற நமக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 2009-இல் இயற்றி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கு அவர்களின் விகிதத்துக்கு ஏற்ப இடம். அரசுப் பள்ளியில், பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, வந்த மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது அதன் வேலை. மேம்பாட்டுத் திட்டம் வெறும் ஆசைப் பட்டியல் இல்லை; அரசு தரும் மானியத்துக்கு அதுவே அடிப்படை என்று அடுத்த பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் 2022-இல் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது 20 பேர் கொண்ட குழுவில் 15 பேர் பெற்றோர், தலைவர் ஒரு தாய் என்று ஆயிற்று. பிடியரிசி போட்ட கைக்குச் சட்டப்படி மேசையில் நாற்காலி கிடைத்துவிட்டது.

அந்த நாற்காலியில் என்ன நடக்கிறது? மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குக் கூட்டம் என்று வைத்தார்கள். இந்த மாவட்டத்தில் வெள்ளிக்கிழமை 3 மணிக்கு எந்தத் தாய் சும்மா இருக்கிறாள்? எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவள் கூட்டத்துக்கு வந்தால் அரை நாள் காசு போகும். அப்படியும் வருகிறார்கள். மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்காருகிறார்கள். தலைமையாசிரியர் மேசைக்குப் பின்னால். பொருள்கள் வாசிக்கப்படுகின்றன. எல்லோரும் தலையாட்டுகிறார்கள். பதிவேடு பெஞ்சு பெஞ்சாக நகர்கிறது. இரண்டு பேர் தீர்மானம் எழுதும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அடியில் கையெழுத்துப் போடுகிறார்கள். தீர்மானத்தைச் செயலியில் ஏற்ற வேண்டும், நெட் வரவில்லை, ஆசிரியை ஒருவர் போனைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடக்கிறார். டீ வருகிறது. முடிந்தது.

அதே பெண்களை ஞாயிற்றுக்கிழமை மகளிர் குழுக் கூட்டத்தில் பாருங்கள். தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-இல் தருமபுரியில் தொடங்கியவை. வட்டமாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். சேமிப்புப் பணத்தைச் சத்தமாக எண்ணி வைப்பார்கள். போன மாதம் யாருக்கு எவ்வளவு கடன், எந்தத் தவணை நிற்கிறது, வட்டி எவ்வளவு என்று ஒருத்தி சொல்லும்போதே இன்னொருத்தி திருத்துவாள். “அக்கா, நீங்க சொல்றது அசல், வட்டியைச் சேர்க்கலை.” வங்கி மேலாளரிடம் போய், எங்கள் கணக்கில் இந்தப் பிடித்தம் எதற்கு என்று கேட்டு வருகிறவர்கள் இவர்கள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் மட்டும் வாய் அடைத்துப்போவானேன்?

நான் யோசித்தவரையில் காரணம் படிப்புக் குறைவு இல்லை. குழுவில் கணக்கு அவர்கள் கண்முன் இருக்கிறது. பேசினால் துணைக்கு வர ஆள் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் பழகிய கூட்டம். பள்ளியில் ஒவ்வொருத்தியும் தனி ஆள். அவள் பிள்ளை நாளைக்கும் அதே ஆசிரியரிடம் படிக்க வேண்டும். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அந்தப் பயத்தோடு வீட்டுக்குப் போக யார் துணிவார்கள்? நாற்காலி கொடுத்த சட்டம் முதுகுக்குப் பின்னால் ஆள் கொடுக்கவில்லை.

இது நம் ஊரின் குறை மட்டுமில்லை. உத்தரப் பிரதேசத்து ஜவுன்பூர் மாவட்டத்தில் 2005-ஐ ஒட்டி ஓர் ஆய்வு நடந்தது. பிரதம் அமைப்பும் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலிய பொருளியலாளர்களும் சேர்ந்து 280 கிராமங்களில் பார்த்தார்கள். அங்கே கிராமக் கல்விக் குழுக்கள் காகிதத்தில் இருந்தன. அப்படி ஒரு குழு இருப்பதே பத்தில் ஒன்பது பெற்றோருக்கு மேல் தெரியாது. குழு உறுப்பினர்களிலேயே பலருக்குத் தாங்கள் உறுப்பினர் என்பது தெரியாது. சில கிராமங்களில் கூட்டம் போட்டு உரிமைகளை விளக்கினார்கள். வேறு சிலவற்றில் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதித்துப் பார்க்க ஊர்க்காரர்களுக்கே கற்றுக்கொடுத்தார்கள். பள்ளியில் எதுவும் அசையவில்லை. மூன்றாவது வகைக் கிராமங்களில் இவற்றோடு, ஊர் இளைஞர்களுக்கு எளிய வாசிப்புப் பயிற்சி முறையையும் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்கள் பள்ளிக்கு வெளியே வகுப்பு நடத்தினார்கள். வந்த பிள்ளைகள் நன்றாகவே படிக்கக் கற்றார்கள். பள்ளிக்கூடம் அப்போதும் அப்படியேதான் இருந்தது.

இந்த முடிவை வைத்து, பெற்றோர் குழு வீண் வேலை, தன்னார்வலர் போதும் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது வேறு விதமாகப் படுகிறது. செய்யத் தெரிந்த, செய்து முடிக்கக்கூடிய ஒரு வேலை கையில் வந்தபோது ஊர் எழுந்தது. வெறும் உரிமையைப் படித்துக் காட்டியபோது கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனது. நாமும் அதைத்தான் செய்திருப்போம்.

நம்மிடம் இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. கொரோனாவால் பள்ளிகள் பூட்டிக் கிடந்த பின், 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. பள்ளி முடிந்த மாலைப் பொழுதில், திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் சமுதாயக் கூடத்திலும், இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதே தெருவின் பெண் ஒருத்தி பாடம் சொன்னாள். தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்தில், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவந்திருந்தது. அந்த மீட்சியில் 24 விழுக்காடு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று கணக்கிட்டார்கள். இதில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. திண்ணையில் வகுப்பு நடந்ததால் தாய்மார்கள் அதைப் பார்த்தார்கள். எந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டுகிறது, எது திணறுகிறது என்று தெருவுக்கே தெரிந்தது. சுற்றுச்சுவருக்குள் நடக்கிற படிப்புக்கு அந்தப் பார்வை கிடைப்பதில்லை.

கசப்பான பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய்தான் கொடுத்தார்கள். பிடியரிசி காலம் தொட்டு நம் கல்வி பெண்ணின் மலிவான உழைப்பில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, இதைச் சேவை என்று பாராட்டித் தப்பித்துவிடுகிறோம். இன்னொன்று, ஊர் என்று நான் இவ்வளவு நேரம் சொன்னது ஒன்றாக இருப்பதில்லை. உறவின்முறை ஒரு சாதியின் அமைப்பு. அது தன் பிள்ளைகளை உயர்த்தியது, சரி. சமூக அமைப்பு என்று நாம் கொண்டாடுவது பல ஊர்களில் சாதி அமைப்பாகவே இருக்கிறது என்பதை மறைத்துப் பேசினால் இந்த உரைக்கு நாணயம் இருக்காது.

காலை உணவுத் திட்டத்தைப் பாருங்கள். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கியது. கிராமப்புறங்களில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அதே ஊரில் குடியிருந்து, அதே பள்ளியில் தன் பிள்ளை படிக்கிறவராக இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். குடும்பம், குழு, பள்ளி மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டிய அருமையான விதி. தன் பிள்ளை சாப்பிடும் உப்புமாவில் ஒரு தாய் கல் கிடக்க விடுவாளா? ஆனால் 2023-இல், காமராஜர் மதிய உணவைத் தொடங்கிய அதே எட்டயபுரத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், சமைப்பவர் தலித் பெண் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்தார்கள். கரூர்ப் பக்கத்திலும் நடந்தது. அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்ட பிறகே நிலைமை மாறியது. அங்கே பங்கெடுத்ததும் பெற்றோர்தான், தடுத்ததும் பெற்றோர்தான். எனவே குழுவில் யார் இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் வரையறுத்திருப்பது சும்மா சடங்குக்கு இல்லை. ஊரின் விருப்பத்துக்கு விட்டிருந்தால் பெரிய வீட்டுத் திண்ணையில் குழு கூடியிருக்கும்.

ஆசிரியர்களின் அச்சத்தையும் நான் அறிவேன். உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் பெற்றோர் பெயரால் உள்ளே வந்து, தனக்கு ஆகாத ஆசிரியையை விரட்டப் பார்ப்பார். நடக்கக் கூடியதுதான். அந்தப் பெரிய மனிதருக்கு ஈடு கொடுக்கக்கூடியவர்கள் குழுவிலுள்ள பெற்றோரும் ஓர் ஒழுங்கான தீர்மானப் பதிவேடும்தான். குழு பெயரளவில் கிடந்தால் அவருக்கே வசதி.

இங்கே வந்திருக்கும் மகளிர் குழுத் தாய்மார்களிடம் கேட்பது இதுதான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, உங்கள் சேமிப்புக் கூட்டத்தில் கடைசிக் கால் மணி நேரத்தைப் பள்ளிக்கு ஒதுக்குங்கள். எந்தப் பிள்ளை வரவில்லை, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, எந்த வகுப்புக்கு ஆசிரியர் இல்லை, மூன்றாம் வகுப்பில் இன்னும் எழுத்துக் கூட்ட முடியாதவர்கள் யார் என்று அங்கேயே பேசி முடித்துவிட்டு, இரண்டே விஷயங்களைத் தாளில் எழுதிக் குழுத் தலைவியின் கையில் கொடுத்து அனுப்புங்கள். கூட்ட நேரத்தை மாலை ஆறு மணிக்கு மாற்றக் கேட்பது முதல் மாதத்தின் விஷயமாக இருக்கட்டும். பள்ளியால் தீர்க்க முடியாத சுற்றுச்சுவர், குடிநீர், தெருவிளக்கு போன்றவற்றைக் கிராம சபைக்குக் கொண்டுபோகலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது.

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்: “மேம்பாட்டுத் திட்டத்தையும் மானியக் கணக்கையும் காட்ட மாட்டேன் என்று சொன்னால் என்ன செய்வது?” நல்ல கேள்வி. முதலில் வாய்ப்பேச்சாகக் கேட்காமல், குழு உறுப்பினர்கள் மூன்று பேர் கையெழுத்திட்டுத் தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுங்கள், நகலில் பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வாங்குங்கள். கணக்கைப் பார்ப்பது குழுவின் சட்டப்படியான வேலை என்பதால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலருக்குக் கடிதத்தின் நகலை அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்த மனுவை மட்டும் குழுவின் பெயரில் போடாமல் உங்களில் ஒருவர் தன் பெயரில் போடுங்கள்; தகவல் கேட்கும் உரிமையைச் சட்டம் குடிமகனுக்குக் கொடுத்திருப்பதால், அமைப்பின் பெயரில் போனால் திருப்பி அனுப்பச் சாக்குக் கிடைக்கும். இன்னும் நாலைந்து சீட்டு இருக்கிறது, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.